தபாலில் வந்த டிவிடிகள்: உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?

#1 மில்பிடாஸ்வாசி
30 செப்டம்பர் 2023

நேற்று நெட்ஃபிளிக்ஸ் கடைசி டிவிடி உறைகளை அனுப்பிவிட்டு, டிவிடிகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பும் கடையைச் சாத்திவிட்டது. 1998 ஏப்ரல் 14 அன்று இங்கே கலிஃபோர்னியாவில் ஸ்காட்ஸ் வேலியில் தொடங்கியது. இருபத்தைந்து வருடத்தில் 500 கோடிக்கு மேல் டிவிடிகள் தபாலில் போய் வந்திருக்கின்றன. கையில் இருப்பதைத் திருப்பி அனுப்பாவிட்டாலும் பணம் பிடிக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

நான் சேர்ந்தபோது மாதச் சந்தா 19.95 டாலர், ஒரே நேரத்தில் மூன்று டிவிடி. அதற்கு முன்பு வாடகைக்குப் படம் என்றால் வீடியோ கடை. வெள்ளிக்கிழமை எடுத்து, ஞாயிறு மறந்து, திங்கட்கிழமை லேட் ஃபீ கட்டுவோம். இதில் லேட் ஃபீயே கிடையாது. எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஒன்றைத் திருப்பினால்தான் அடுத்தது கிளம்பும். கேட்க எளிமையான ஏற்பாடு. ஆனால் வாடகைப் பட வியாபாரத்தில் வாடிக்கையாளரின் மறதியை நம்பாமல் ஒருவர் கடை நடத்தியதை அப்போதுதான் பார்த்தேன்.

புதிதாக வந்த தம்பி தங்கைகளுக்காக: வலைத்தளத்தில் நமக்கென்று ஒரு க்யூ இருக்கும். பார்க்க வேண்டிய படங்களை வரிசையாகப் போட்டு வைப்போம். சில படங்களுக்குப் பக்கத்தில் 'கொஞ்சம் காத்திருக்கவும்', சிலவற்றுக்கு 'மிக நீண்ட காத்திருப்பு' என்று வரும். இன்னும் டிவிடியே வெளிவராத படத்தைக்கூடத் தனியாகச் சேமித்து வைக்கலாம், அது வெளிவந்ததும் தானாகக் க்யூவுக்கு ஏறிவிடும். குரோசவா, ராய், பெர்க்மன் என்று பெயர் மட்டும் தெரிந்திருந்த இயக்குநர்களை நான் பார்த்தது அந்தக் க்யூவால்தான். தமிழ்ப் படங்களும் ஓரளவு இருந்தன.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். எத்தனை நாளில் வரும், உடைந்து வந்ததா, தொலைந்ததா, வாடிக்கையாளர் சேவை எப்படி நடந்துகொண்டது, இனி என்ன செய்யப் போகிறீர்கள், எல்லாமே. எந்த நிறுவனமாக இருந்தாலும், எந்த நாடாக இருந்தாலும் சரி.


#2 ஏரிக்கரை
30 செப்டம்பர் 2023

நல்லதைச் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். நான் மனக்குறையை முதலில் வைக்கிறேன்.

நான் இருந்தது மிச்சிகனில், சேவையின் பெயர் வேண்டாம். மாதச் சந்தா கட்டினால் 'வரம்பில்லாமல் பார்க்கலாம்' என்றுதான் விளம்பரம். கல்யாணத்துக்கு முந்தைய காலம், குளிர்காலத்தில் வேறு வேலையும் இல்லை. வந்த அன்றே பார்த்து மறுநாள் காலையிலேயே தபாலில் போட்டுவிடுவேன். முதல் இரண்டு மாதம் பறந்து வந்தது. அதற்குப் பிறகு வேகம் குறைந்தது. திருப்பி அனுப்பியது அவர்களுக்குக் கிடைத்ததாக மின்னஞ்சல் வரவே ஒரு நாள் கூடும், அடுத்தது கிளம்ப இன்னொரு நாள் கூடும். புதுப் படங்கள் என் க்யூவில் 'நீண்ட காத்திருப்பு'. அதே ஊரில், அதே மாதம், அதே சேவையில் புதிதாகச் சேர்ந்த நண்பருக்கோ செவ்வாய்க்கிழமை வெளியான படம் புதன்கிழமையே வீட்டில்.

தொலைபேசியில் கேட்டால் 'தபால் தாமதமாக இருக்கலாம்' என்ற ஒரே பதில். தபால் தாமதமென்றால் பக்கத்துத் தெருவுக்கும்தானே தாமதம்? அதிகம் பார்ப்பவனைத் தண்டிக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. நேராகச் சொல்லியிருந்தால் வருத்தம் இருந்திருக்காது. சொல்லாமல் செய்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது.


#3 சட்டப்புள்ளி
1 அக்டோபர் 2023

//அதிகம் பார்ப்பவனைத் தண்டிக்கிறார்கள்//

ஏரிக்கரை, நீங்கள் எந்தச் சேவையைச் சொல்கிறீர்களோ தெரியாது. ஆனால் இது உங்கள் கற்பனை இல்லை. 2004-ல் இதே விஷயத்துக்காக நெட்ஃபிளிக்ஸ் மீது சான் ஃபிரான்சிஸ்கோவில் வாடிக்கையாளர்கள் சார்பில் வழக்குப் போட்டார்கள். 'வரம்பில்லை', 'ஒரு நாளில் வரும்' என்று விளம்பரம் செய்துவிட்டு அடிக்கடி எடுப்பவர்களைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள் என்பது வாதம். நிறுவனம் தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை, சமரசத்தில் முடிந்தது. விலகியிருந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு மாத இலவசச் சேவை, சந்தாவில் இருந்தவர்களுக்கு ஒரு மாதத்துக்கு இலவசமாக ஒரு படி மேலான திட்டம். ஆனால் அந்த வழக்குக்குப் பிறகு, குறைவாக எடுப்பவர்களுக்கு அனுப்புவதில் முன்னுரிமை தரக்கூடும் என்று விதிமுறைகளில் வெளிப்படையாக எழுதினார்கள்.

கணக்கு சுலபம். ஒவ்வொரு உறைக்கும் போகவர முத்திரைச் செலவு நிறுவனத்தின் தலையில். மாதம் நான்கு படம் பார்ப்பவர் லாபம், இருபது படம் பார்ப்பவர் நஷ்டம். சந்தா மட்டும் இருவருக்கும் ஒன்றே.


#4 அஞ்சலகன்
1 அக்டோபர் 2023

நியூஜெர்சியில் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டிவிடி ஏன் உடைகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் பிரிக்கும் இயந்திரத்தில் உறை இரண்டு பெல்ட்டுகளுக்கு நடுவே நின்றவாக்கில் ஓடும். மணிக்கு முப்பதாயிரம் கடிதங்களுக்கு மேல் தள்ளும் வேகம். ஓடும் வழியில் உருளைகளைச் சுற்றி வளைந்து திரும்ப வேண்டும். காகிதம் வளையும், டிவிடி ஓரளவுதான் வளையும். நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில்தான் முதல் கீறல் விழும், மயிரிழை அளவில். அங்கிருந்து அது வெளிவிளிம்பை நோக்கி ஓடும். உங்கள் வீட்டில் படம் பாதியில் உறைந்து நின்றால், தட்டை விளக்குக்கு நேரே பிடித்து நடுத்துளையைச் சுற்றிப் பாருங்கள். விரல் ரேகையாக இருந்தால் துடைத்தால் போகும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. விரிசலாக இருந்தால் அந்தத் தட்டைப் பிளேயரில் திரும்பப் போடாதீர்கள், உள்ளே சுழலும்போது தெறித்துவிடும்.

இன்னொரு விஷயம். நெட்ஃபிளிக்ஸின் அந்தச் சிவப்பு உறையின் மேல் காகிதத்தைக் கிழித்தால் உள்ளே திருப்பி அனுப்பும் உறை தயாராக இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? பசையை உரித்து ஒட்டினால் போதும், முத்திரை வேண்டாம். அருமையான யோசனை. ஆனால் திரும்பி வரும் அந்த உறையின் முன்விளிம்பு தொளதொளவென்று இருக்கும். இயந்திரத்தில் சிக்கும். அதனால் எங்கள் ஆட்கள் சிவப்பு உறைகளைப் பார்த்த இடத்திலேயே கையால் பொறுக்கித் தனித் தட்டில் போடுவார்கள். 2007-ல் தபால் துறையின் தலைமைத் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கையே வெளியிட்டது. திரும்பி வரும் உறைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் கையால் பிரிக்கப்படுகிறது, இரண்டு வருடத்தில் 4 கோடியே 19 லட்சம் டாலர் கூடுதல் கூலிச் செலவு என்றது அறிக்கை. உறைக்கு 17 சென்ட் கூடுதலாக வாங்கலாம் என்றும் யோசனை சொன்னார்கள்.

இப்படிக் கையால் பொறுக்கியதுதான் வாடிக்கையாளருக்கு நல்லதாகப் போனது. இயந்திரத்தில் போகாததால் உடைவது குறைந்தது. வீடியோ கேம்களைத் தபாலில் வாடகைக்கு விட்ட கேம்ஃப்ளை நிறுவனம் இதைப் பிடித்துக்கொண்டது. 'எங்கள் தட்டுகள் உடைகின்றன, உடையாமலிருக்கப் பெரிய உறையில் அதிகக் கட்டணம் கட்டுகிறோம், அவர்களுக்கு மட்டும் சாதாரணக் கடிதக் கட்டணத்தில் கை வேலையா?' என்று 2009-ல் தபால் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேம்ஃப்ளையின் பக்கம் நியாயம் இருக்கிறது என்றது.

வீட்டுக்கு வந்த ஒவ்வொரு நல்ல தட்டுக்குப் பின்னாலும் நடுராத்திரி ஷிஃப்டில் நின்று கையால் பொறுக்கிய யாரோ ஒருவர் இருந்தார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.


#5 மலைநாட்டு வாசகி
2 அக்டோபர் 2023

அஞ்சலகன் ஐயா, இதை வாசித்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் அந்த உறையைக் கையில் வாங்கியிருக்கிறேன், இது எதுவும் தெரியாது.

வீட்டுக்காரருக்கு மேற்கு வர்ஜீனியாவில் மலைக்கு நடுவே ஒரு மருத்துவமனையில் வேலை. இந்தியக் கடைக்கு இரண்டரை மணி நேரம் கார் ஓட்டணும். இன்டர்நெட் என்று இருந்தது சாட்டிலைட். மாதத்துக்கு இவ்வளவுதான் டேட்டா என்று வரம்பு, அதையும் தாண்டினால் மின்னஞ்சல்கூடத் திறக்காது. ஸ்ட்ரீமிங் என்பதை விளம்பரத்தில்தான் பார்த்தோம். ஆனால் தபால் வண்டி வரும். எந்தப் பனியிலும் ஒரு நாள் தள்ளியாவது வரும்.

மதுரையிலிருந்து அம்மா ஆறு மாதம் வந்து தங்கியிருந்தார். பேச ஆள் இல்லை, வெளியே நடக்க வழியில்லை. நான் க்யூவில் முழுக்கத் தமிழ்ப் படங்களாக மாற்றிவிட்டேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. உறையில் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி துளை இருக்கும், உள்ளே இருக்கும் வெள்ளைப் பையின் பார்கோடு அதன் வழியே தெரியும். அம்மா கிழித்து, அந்த வழுவழுப்பான வெள்ளைப் பையை வெளியே எடுத்து, தட்டை விளிம்பில் பிடித்துத் தூக்கி, அதன் முகத்தில் அச்சடித்த படத்தைப் பார்த்தே என்ன படம் என்று சொல்லிவிடுவார். பார்த்து முடித்ததும் அவரே பையில் போட்டு, உறையை ஒட்டி, மெயில்பாக்ஸின் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டு வருவார். எங்கள் தபால்காரம்மாவுக்கு அம்மாவைத் தெரிந்துபோய்க் கையசைக்க ஆரம்பித்துவிட்டார்.

வாடிக்கையாளர் சேவையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மில்பிடாஸ்வாசி அண்ணா. ஒருமுறை விரிசல் விட்ட டிவிடி வந்தது. வலைத்தளத்தில் 'பழுது' என்று அழுத்தினேன். விளக்கம் கேட்கவில்லை, படம் எடுத்து அனுப்பச் சொல்லவில்லை. பழையது திரும்பப் போய்ச் சேரும் முன்பே புதியது கிளம்பிவிட்டது. வாடிக்கையாளர் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையில் ஒரு பெரிய நிறுவனம் நடந்துகொண்டதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.


#6 புதுயுகம்
2 அக்டோபர் 2023

எல்லோர் உணர்வையும் மதிக்கிறேன், ஆனால் ஏன் இவ்வளவு ஏக்கம் என்று எனக்குப் புரியவில்லை. படம் பார்க்க வேண்டும் என்று தோன்றும் நேரம் வேறு, படம் வந்து சேரும் நேரம் வேறு. செவ்வாய்க்கிழமை மனநிலையில் தேர்ந்தெடுத்த மூன்று மணி நேர சோகப் படம், வேலை முடிந்து களைத்து வரும் வெள்ளிக்கிழமை மேசையில் கிடக்கும். பல வாரம் அப்படியே கிடக்கும், சந்தா மட்டும் போகும். தொடர் என்றால் முதல் டிஸ்க் வருவதற்கு முன் இரண்டாவது வரும்.

மக்கள் தீர்ப்பைப் பாருங்கள். 2011 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் டிவிடி, ஸ்ட்ரீமிங் இரண்டையும் பிரித்து, 9.99 டாலராக இருந்த சந்தாவை 15.98 ஆக்கினார்கள். செப்டம்பரில் டிவிடியை 'க்விக்ஸ்டர்' என்று தனி நிறுவனமாக்கப் போவதாக அறிவித்தார்கள். கோபத்தில் ஒரே காலாண்டில் எட்டு லட்சம் பேர் விலகினார்கள், க்விக்ஸ்டரை அக்டோபரிலேயே கைவிட்டார்கள். சரி, கோபம் அடங்கியதும் மக்கள் எங்கே போனார்கள்? அந்த வருட முடிவில் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங் சந்தா 2 கோடிக்கு மேல், டிவிடி சந்தா 1 கோடியே 10 லட்சம் அளவு. காசு கொடுப்பவர்கள் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான்.


#7 மில்பிடாஸ்வாசி
3 அக்டோபர் 2023

//காசு கொடுப்பவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்//

புதுயுகம், வசதியைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நானும் ஸ்ட்ரீமிங் பார்க்கிறவன்தான். நான் கேட்பது வேறு. டிவிடி சேவை நன்றாக இருந்த காலத்தில் ஒரு லட்சம் தலைப்புகள் வரை இருந்தன. இன்று எந்த ஒரு ஸ்ட்ரீமிங் சேவையிலும் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய படங்களைத் தேடுங்கள், விரல் விட்டு எண்ணிவிடலாம். போன மாதம் இருந்தது இந்த மாதம் இருக்காது.

மக்கள் 2011-ல் தேர்ந்தெடுத்தபோது, சோபாவில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவதைத் தேர்ந்தெடுத்தார்கள். படங்கள் காணாமல் போவதையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தோம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லையே.


#8 சட்டப்புள்ளி
3 அக்டோபர் 2023

மில்பிடாஸ்வாசி சொல்வதன் அடியில் சட்டம் இருக்கிறது. பலர் நினைப்பது போல டிவிடி அதிகமாக இருந்ததற்குக் காரணம் நிறுவனத்தின் பெருந்தன்மை இல்லை.

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் 109-ஆம் பிரிவு. காசு கொடுத்து முறையாக வாங்கிய பிரதியை வாங்கியவர் விற்கலாம், வாடகைக்கு விடலாம், தயாரிப்பாளரின் அனுமதி தேவையில்லை. இதன் வேர் 1908-ல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு. ஒரு பதிப்பகம் தன் நாவலில் 'ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது' என்று அச்சடித்திருந்தது. நியூயார்க்கின் மேசீஸ் கடை அதை 89 சென்டுக்கு விற்றது. கடையின் பக்கம்தான் தீர்ப்பு. முதல் விற்பனையோடு உன் பிடி முடிந்தது என்றார்கள்.

பாட்டுத் தட்டுகளை வாடகைக்கு விடுவதை 1984-ல் தனிச் சட்டத்தால் தடுத்தார்கள். கணினி மென்பொருளை 1990-ல் தடுத்தார்கள். சினிமா தப்பித்தது. அதனால்தான் வீடியோ கடைகள் வந்தன, அதனால்தான் தபால் வாடகையும் வந்தது. எந்த ஸ்டுடியோ கோபித்துக்கொண்டாலும் கடையில் போய் விலைக்கு வாங்கி வாடகைக்கு விடலாம். கடை வாசல்களில் தானியங்கிப் பெட்டி வைத்து டிவிடி வாடகைக்கு விட்ட ரெட்பாக்ஸ் அப்படித்தான் செய்தது. சில ஸ்டுடியோக்கள் மொத்த விலையில் தர மறுத்தபோது வால்மார்ட் போன்ற கடைகளில் ஆள் விட்டு வாங்கினார்கள்.

ஸ்ட்ரீமிங்கில் இந்த உரிமை கிடையாது. பிரதி இல்லை, உரிமம் மட்டும்தான். ஒவ்வொரு படத்துக்கும் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், காலக்கெடு முடிந்தால் திரும்பப் பேச வேண்டும். 2010 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸோடு போட்ட ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? புதுப் படங்களின் டிவிடியை வெளியீட்டுக்கு 28 நாள் கழித்தே வாடகைக்கு விடுவதாக நெட்ஃபிளிக்ஸ் ஒத்துக்கொண்டது, பதிலுக்கு ஸ்ட்ரீமிங்குக்குக் கூடுதல் படங்கள். சட்டம் கையில் கொடுத்திருந்த உரிமையை அன்று விட்டுக்கொடுத்தார்கள். டிவிடி வாடிக்கையாளர் இரண்டாந்தரமானது அன்றிலிருந்துதான் என்பது என் கருத்து.


#9 கொக்குவிலான்
4 அக்டோபர் 2023

சட்டப்புள்ளி அண்ணை எழுதினதை வாசிச்சுப்போட்டுத்தான் எழுதிறன். நான் லண்டன். இங்க எங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. 1988-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பொதுமக்களுக்கு வாடகைக்கு விட உரிமையாளரின்ர அனுமதி வேணும். ஆனபடியால் கடையில வாங்கின டிவிடியை அப்பிடியே வாடகைக்கு விட ஏலாது.

அப்பிடி இருந்தும் தபாலில டிவிடி வாடகைக்கு அனுப்பின லவ்ஃபிலிம் நல்லா நடந்தது. அமெரிக்கா மாதிரி வரிசைப்படி வராது. படத்துக்குப் படம் கூடின முன்னுரிமை, நடுத்தரம், குறைவு எண்டு குறிச்சு விடுவம், அதில எது அவையளிட்ட கையிருப்பில இருக்கோ அது வரும். எனக்கு இது பிடிச்சிருந்தது. என்ன படம் வந்திருக்கு எண்டு உறையைப் பிரிச்சால்தான் தெரியும். மனுசி ஈரானியப் படங்களாப் போட்டு வைப்பா, நான் பழைய பிரிட்டிஷ் துப்பறியும் படங்கள். ஒரே கணக்கு. எது வருதோ அதை ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கிறது எண்டு எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். அவவால்தான் எனக்கு கியரோஸ்தமி தெரியும்.

2011-ல அமேசான் முழுசா வாங்கிச்சுது. 2017 அக்டோபர் 31-ஓட தபால் வாடகையை நிப்பாட்டிப்போட்டினம். ஆனால் இங்க கதை முடியேல்லை. சினிமா பாரடைசோ எண்ட சேவை இப்பவும் தபாலில அனுப்புது. நான் அதிலதான் இருக்கிறன். அமெரிக்காவில இருக்கிற உங்களுக்கு உதவாது, ஆனால் இந்தத் தொழில் செத்துப்போச்சு எண்டு ஆரும் சொல்லாதேங்கோ.


#10 ஸ்கார்பரோ
4 அக்டோபர் 2023

கனடாவைச் சேர்க்காமல் விட்டால் எப்படி? இங்கே நெட்ஃபிளிக்ஸ் டிவிடி வந்ததே இல்லை, 2010-ல் நேராக ஸ்ட்ரீமிங்தான். எங்களுக்கு ஒட்டாவாவிலிருந்து இயங்கிய ஸிப்.சிஏ. பட்டியல் பெரியது, பிரெஞ்சுப் படங்கள் கொட்டிக் கிடக்கும். 2011 ஜூனில் கனடா போஸ்டில் வேலைநிறுத்தம், கதவடைப்பு என்று தபால் நின்றபோது தட்டுகளும் நின்றன. தபாலையே நம்பிய தொழிலுக்கு அது பெரிய அடி. 2014-ல் மூடினார்கள். ஒருநாள் தளத்துக்குப் போனால் மூடும் அறிவிப்பு இருந்தது. நான் சேர்த்து வைத்த பட்டியலைப் பிரதி எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

மில்பிடாஸ்வாசி, உங்கள் க்யூவைச் சேமித்துவிட்டீர்களா?


#11 மில்பிடாஸ்வாசி
4 அக்டோபர் 2023

சேமித்துவிட்டேன். மூடுவதற்கு முன்பே க்யூ, வாடகை வரலாறு, நான் போட்ட நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் தரவிறக்கிக்கொள்ள வழி செய்திருந்தார்கள். 2003-லிருந்து என்ன பார்த்தேன் என்று தேதிவாரியாக இருக்கிறது. மகள் பிறந்த வாரத்தில் எதுவும் எடுக்கவில்லை என்பதுகூடத் தெரிகிறது.


#12 தரவுப்பித்தன்
5 அக்டோபர் 2023

நட்சத்திரங்கள் என்றதும் வந்துவிட்டேன். தபால் காலத்தில் சிபாரிசு என்பது உயிர்நாடி. தப்பான படத்தை அனுப்பினால் வாடிக்கையாளருக்கு நாலு நாள் வீண். அதனால் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போடச் சொல்லிக் கெஞ்சுவார்கள், நாமும் பொறுப்பாகப் போட்டோம். 2006-ல் நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் அந்தத் தரவில் 10 கோடி மதிப்பீடுகளை, பெயர்களை நீக்கிவிட்டு, பொதுவில் வைத்துப் போட்டி அறிவித்தார்கள். யார் எந்தப் படத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவார் என்ற தங்கள் கணிப்பை 10 சதவீதம் மேம்படுத்தினால் பத்து லட்சம் டாலர் பரிசு. 2009-ல் ஒரு கூட்டணி 10.06 சதவீதம் எட்டி வென்றது.

நம்மவர் ஒருவர் பங்கும் இதில் உண்டு. ஐஐடி மெட்ராஸில் படித்த அரவிந்த் நாராயணன் அப்போது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். அவரும் விட்டாலி ஷ்மாட்டிகோவும், பெயர் நீக்கிய அந்தத் தரவிலிருந்தே ஆட்களை அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள். ஒருவர் போட்ட சில மதிப்பீடுகளும் தேதிகளும் தெரிந்தால் போதும். பொதுத்தளத்தில் அதே ஆள் எழுதிய மதிப்பீடுகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டாவது போட்டி நடத்த இருந்தார்கள், தனியுரிமை வழக்கு வந்து 2010-ல் கைவிட்டார்கள். வாடிக்கையாளர் எதைப் பார்த்தார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று அமெரிக்காவில் 1988-லிருந்தே வீடியோ வாடகைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

இன்று கட்டை விரலைக் காட்டு, அவ்வளவுதான். பார்த்த படத்தைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்து 'மூன்றா நான்கா' என்று முடிவு செய்த பழக்கம் போய்விட்டது. எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம்.


#13 புதுயுகம்
5 அக்டோபர் 2023

சட்டப்புள்ளி சொன்ன 109-ஆம் பிரிவு விஷயம் கனமானது. அதை ஏற்றுக்கொண்டும் என் கேள்வி நிற்கிறது: வாடிக்கையாளர் என்ன செய்ய முடியும்? பிளேயரே பல வீட்டில் இல்லை. என் மடிக்கணினியில் டிஸ்க் போடத் துளை இல்லை. உரிமை இருக்கிறது என்பதற்காக யாரும் டிவிடிக்குத் திரும்பப் போவதில்லை.


#14 ஏரிக்கரை
6 அக்டோபர் 2023

நான் திரும்பத் தயார். பிளேயர் ஒன்றும் யானை விலை இல்லை, பழையது நல்ல நிலையில் மலிவாகவே கிடைக்கிறது. அமெரிக்காவில் தபாலில் அனுப்புபவர்கள் இன்னும் யாராவது இருக்கிறார்களா? அதைச் சொல்லுங்கள்.


#15 சியாட்டில் மழை
6 அக்டோபர் 2023

இருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஸ்கேர்குரோ வீடியோ. 1988-ல் தொடங்கிய கடை, 2014-லிருந்து லாப நோக்கில்லாத அமைப்பு. ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் தலைப்புகள். டிவிடி, ப்ளூரே மட்டுமில்லை, டிவிடியாக வராமலே போன படங்களின் பழைய விஎச்எஸ் வீடியோ நாடாக்களும் உண்டு. அமெரிக்காவுக்குள் தபாலிலும் வாடகைக்கு அனுப்புகிறார்கள். சிவப்பு உறைக் காலத்தைப் போல மலிவாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கடைக்குள் போய்ப் பார்த்திருக்கிறேன். அடுக்குகள் நாடுவாரியாக, அதற்குள் இயக்குநர்வாரியாகப் பிரிந்து கிடக்கும், இந்தியாவுக்கும் இடம் உண்டு. கல்லாவில் நிற்பவரிடம் ஒரு படத்தின் பெயரைச் சொன்னால் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னும் மூன்றைக் கையில் கொடுப்பார்.

புதுப் படங்கள் போதும் என்றால் மேலே அஞ்சலகன் ஐயா சொன்ன கேம்ஃப்ளை, இப்போது திரைப்படங்களும் வாடகைக்கு விடுகிறது.


#16 மலைநாட்டு வாசகி
7 அக்டோபர் 2023

நூலகத்தை மறந்துவிடாதீர்கள். எங்கள் சின்ன ஊர் நூலகத்தில் இல்லாத டிவிடியை வேறு ஊர் நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருகிறார்கள். நூலகத்துக்கு நூலகம் தபாலில்தான் வருகிறது, நாம் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லா நூலகமும் டிவிடியை வெளியூருக்கு அனுப்பாது, கேட்டுப் பார்க்கணும். கேட்பதற்குத் தயங்காதீர்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் அந்த அடுக்கைக் கழித்துவிடுவார்கள், எடுப்பவர்கள் இருந்தால்தான் வைத்திருப்பார்கள்.


#17 அஞ்சலகன்
7 அக்டோபர் 2023

மலைநாட்டு வாசகி அம்மா சொன்னதில் ஒரு சேர்க்கை. நண்பர்களுக்குள் டிவிடி மாற்றிக்கொள்ள விரும்பினால் மீடியா மெயில் என்ற கட்டண வகையில் அனுப்புங்கள். புத்தகம், ஒலி, ஒளிப் பதிவுகளுக்கான மலிவுக் கட்டணம், மெதுவாகத்தான் போகும். கடித உறையில் போடாதீர்கள், காரணம் மேலே சொல்லிவிட்டேன். கெட்டி அட்டை, முடிந்தால் அசல் பெட்டியோடு. 2021 அக்டோபரிலிருந்து முதல் வகுப்புக் கடிதங்களுக்கே ஐந்து நாள் வரை ஆகலாம் என்று தர அளவை மாற்றிவிட்டார்கள். அவசரப்பட வேண்டாம்.


#18 மில்பிடாஸ்வாசி
11 ஆகஸ்ட் 2024

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன். ரெட்பாக்ஸும் போய்விட்டது. தாய் நிறுவனம் ஜூன் கடைசியில் திவால் மனு கொடுத்தது, ஜூலையில் முழுவதுமாகக் கலைத்துவிட உத்தரவு. மருந்துக் கடை வாசல்களில் சிவப்புப் பெட்டிகள் டிவிடிகளோடு அப்படியே நிற்கின்றன.

ஏரிக்கரை, நீங்கள் கேட்டதற்கு இதுவரை நான் கண்டது: ஸ்கேர்குரோவிலிருந்து இரண்டு முறை வரவழைத்தேன். நன்றாகப் பொதிந்து வந்தது, கீறல் இல்லை. நூலகம் வழியாக இன்னும் எளிது. எனக்குக் கிடைக்காமலிருப்பது 1960, 70-களின் தமிழ்ப் படங்கள். நல்ல பிரதியாக டிவிடி வந்தவையே குறைவு, வந்தவையும் பதிப்பு தீர்ந்துவிட்டன.

ஒரு வேலை செய்யலாமா? அவரவர் ஊர் நூலகத்தின் தளத்தில் மொழி 'தமிழ்', வகை 'டிவிடி' என்று தேடி, கிடைக்கும் பட்டியலை இங்கே ஒட்டுங்கள். வெளியூர் நூலகங்களுக்குக் கடன் தருகிறார்களா என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஒன்றாகச் சேர்த்துப் பொது விரிதாளாக நான் வைக்கிறேன்.


#19 அஞ்சலகன்
11 ஆகஸ்ட் 2024

நியூஜெர்சியில் எடிசன் ஊர்ப் பக்கத்து நூலகங்களை நான் எடுத்துக்கொள்கிறேன். நேரில் போயே பார்த்துவிடுகிறேன், தளத்தில் ஏற்றாத பெட்டிகள் சில உள்ளே இருக்கும்.


#20 ஸ்கார்பரோ
12 ஆகஸ்ட் 2024

டொராண்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் பிரிவு பெரியது. இந்த வாரக் கடைசியில் பட்டியல் போடுகிறேன். எல்லை தாண்டிக் கடன் தருவார்களா என்றும் கேட்டுச் சொல்கிறேன்.